எச்சில் சொல்லும் சேதி



"வயசானா பல் ஆடத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பல்லை ஆட வைப்பது வயது அல்ல; பெரும்பாலும் ஈறு நோய்தான். கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் சுமார் 100 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை!

இந்த நோய் வலிக்காமல் வளரும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சிறு பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். பல் டாக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு அதை அளப்பார். ஆழம் கூடியிருந்தால் நோய். ஆனால் அந்தக் கம்பி சொல்வது நடந்து முடிந்த சேதத்தை. எக்ஸ்ரேயும் கரைந்துபோன எலும்பைத்தான் காட்டும். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் தடம் பார்ப்பது மாதிரி!

அதனால்தான் விஞ்ஞானிகள் எச்சிலிலும், ஈறுப் பள்ளத்தில் ஊறும் திரவத்திலும் நோயின் அடையாளப் பொருள்களைத் தேடுகிறார்கள். அவற்றில் ஒன்று எம்.எம்.பி-8 என்ற நொதி. வெள்ளணுக்கள் கிருமிகளோடு சண்டை போடும்போது வெளிவரும் இது, ஈறைத் தாங்கும் கொலாஜன் நாரையே அறுத்துவிடும். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சா குழுவினர் செய்த ஆய்விலிருந்து இதற்கு ஒரு சோதனைப் பட்டை வந்திருக்கிறது. வாய் கொப்பளித்த நீரைச் சொட்டு விட்டால் சில நிமிடங்களில் கோடு தெரியும். கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே.

குறையும் உண்டு. எச்சில் வாய் முழுவதன் கலவை. எந்தப் பல்லில் நோய் என்று சொல்லாது. ஈறுத் திரவம் சொல்லும். ஆனால் அது மைக்ரோலிட்டர் கணக்கில்தான் கிடைக்கும். ஒரே ஒரு பொருளை வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட முடியாது. ஆகவே டாக்டரின் கம்பிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

"இது டாக்டருங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்பீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஈறுத் திரவத்தை அளக்கும் பெரியோட்ரான் என்ற கருவியைப் பாருங்கள். திரவம் ஊறிய காகிதத் துண்டை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைப்பார்கள். ஈரத்துக்கு ஏற்றபடி கெபாசிடன்ஸ் மாறும். அது எண்ணாகத் தெரியும். இது நாம படிச்ச பாடம்தானே!

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எங்க அப்பா தினக்கூலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. வலிக்காத நோய்க்காக யார் கூலியை விடுவார்? நாற்பத்தெட்டு வயசில் அவருக்கு ஆறு பல் இல்லை. பீடி குடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் கசிவதும் குறைவு, எச்சரிக்கையும் கிடைக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கோ ஈறு நோய் அதிகம் வரும். வந்தால் சர்க்கரையும் கட்டுப்படாது.

இப்படிப்பட்டவர்களைத் தேடிச் சோதனைதான் போக வேண்டும். வீட்டு வாசலிலேயே சர்க்கரையும் பிரஷரும் பார்க்கலாம் என்பதை 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் காட்டியது. அதே பையில் ஈறுக்கும் ஒரு பட்டை இருக்கக் கூடாதா? அதற்கு விலை குறைய வேண்டும், பட்டையைப் படிக்கும் கருவி இங்கேயே உருவாக வேண்டும். அது அளவுக்கருவி வேலை, நம் வேலை!

நாமோ கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குத் தானியங்கித் தெருவிளக்கைக் கடையில் ரெடிமேடாக வாங்கி, மேலே பெயர் ஒட்டுகிறோம். தோழர்களே, அந்தக் காசில் இரண்டு தகடும் ஒரு வடிகட்டிக் காகிதமும் வாங்குவோம். ஒரு சொட்டுத் தண்ணீரை ஒழுங்காக அளந்து காட்டுவோம். நோயைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு அதுதான் முதல் படி.