பரணில் கிடக்கும் கிரைண்டர்

"ஷிப்ட் வேலைக்குப் போகிற வீட்டில் மாவரைக்க யாருக்கு நேரம்? பாக்கெட் வாங்குவதே லாபம்." கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் யாரைக் கேட்டாலும் இதுதான் பேச்சு. இத்தனைக்கும் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். எங்கள் தெருவில் அந்தக் கிரைண்டர்கள் பல இன்று பரணில் கிடக்கின்றன. அவற்றை இறக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் லாபக் கணக்கு. ஒரு கிலோ புழுங்கல் அரிசி, கால் கிலோ உளுந்து. அரைத்தால் மூன்று கிலோவை ஒட்டி மாவு வரும். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட்டில் தானியம் நானூறு கிராம் சொச்சம்தான், மீதி தண்ணீர். அந்தத் தண்ணீருக்கும் உறைக்கும் வண்டி வாடகைக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம். கரண்ட் செலவு என்பார்கள். சிறிய கிரைண்டரின் மோட்டார் 150 வாட் அளவுதான். ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் ஆகாது. ரேஷன் அரிசியில் அரைக்கும் வீட்டுக்கு அரிசிச் செலவும் இல்லை.

நேரம்? கிரைண்டர் ஓடும் நேரம் முழுவதையும் நம் உழைப்பாக எழுதுவது தப்புக் கணக்கு. களைந்து ஊறவைக்க ஐந்து நிமிடம், இடையிடையே தள்ளிவிட்டுத் தண்ணீர் தெளிக்க ஒரு எட்டு, வழித்துக் கழுவ கால் மணி. ஞாயிறு அரைத்தால் வியாழன் வரை வரும்.

"ருசி ஒன்றுதான்" என்பதை நான் ஒப்பவே மாட்டேன். உளுந்தைத் தனியாக, பந்துபோல் பொங்கும்வரை அரைக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். பிறகு உப்புப் போட்டுக் கையால் அடியோடு கலக்க வேண்டும். தானியத்தோடு ஒட்டிவரும் லூக்கோநாஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் காற்றை உண்டாக்கி மாவைப் பொங்கவைக்கும். சித்திரையில் ஆறேழு மணி நேரம் போதும். மார்கழியில் விடியவிடிய வைத்தும் சில நாள் பொங்காது. இந்த வெயிலும் குளிரும் பார்த்து எடுத்து வைப்பது வீட்டுச் சட்டியில்தான் முடியும். பாக்கெட்டுக்குள் பொங்குவது நம் கையில் இல்லை. போன கோடையில் மீஞ்சூர் தாண்டுவதற்குள் என் பைக்குள் ஒரு பாக்கெட் உப்பி வெடித்தது. சாப்பாட்டு டப்பா, அடையாள அட்டை எல்லாம் புளித்த மாவு.

தெருமுனையில் மாவு விற்கும் அக்காவின் பிழைப்பு என்னாகும்? நைட் ஷிப்ட் வாரத்திலும், விருந்தாளி வந்தாலும் நாங்களும் அவரிடம்தான் வாங்குகிறோம்.

"பெண்களை மறுபடி அடுப்படியில் உட்காரவைக்கிறீர்கள்" என்ற வாதம் மட்டும் என்னை நிறுத்தியது. அது நியாயமான பயம். என் அம்மா ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து தோள்பட்டை வலியோடு எழுந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் பாரத்தைப் பெண்ணின் தலையில் வைத்தது மாவு அல்ல, வீட்டு ஆண்கள். எங்கள் வீட்டில் இப்போது அரைப்பது என் வேலை. குழவிக்கல்லைத் தூக்கிக் கழுவிக் கவிழ்ப்பது பத்தாவது படிக்கும் மகனுடையது. ஜெனரல் ஷிப்ட் முடித்து ஆறரை மணிக்கு வரும் மனைவிக்கு இட்லி தட்டில் இருக்கும்.