குழந்தையின் பல்லும் பெரியவர்களின் பயமும்

பல் வைத்தியரைக் கண்டு அஞ்சாதவர்கள் உலகத்தில் இரண்டே வகையினர்தான். பல் முளைக்காத குழந்தைகள் ஒரு வகை. பல்லெல்லாம் விழுந்துவிட்ட தாத்தாக்கள் மற்றொரு வகை. இடைப்பட்ட நாம் எல்லோரும் அந்தச் சாய்வு நாற்காலியைக் கண்டால் சற்று நடுங்கத்தான் செய்கிறோம். ஆகையால், புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

அவருடைய மகளுக்கு நாலு வயது. கடைவாய்ப் பால் பற்களில் மூன்று சொத்தை. அவற்றில் ஒன்று வலித்து, குழந்தை இரவில் விழித்து அழுகிறாளாம். "கையைக் காலைப் பிடித்துக் கொண்டால் பத்து நிமிஷத்தில் அடைத்து விடலாம்" என்கிறார் ஒருவர். "மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடித்து விடுவோம்" என்கிறார் இன்னொருவர். பாரிஸில் வசிக்கும் கொழுந்தனார், "இங்கே மூக்கில் ஒரு வாயுவைப் பிடிப்பார்கள்; பிள்ளைகள் சிரித்துக் கொண்டே வெளியே வருவார்கள்" என்று டெலிபோனில் சொல்கிறார். மாமியாரோ, "விழப்போகிற பல்லுக்கு எதற்கடி இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது சகோதரியின் கேள்வி.

மாமியார் பேச்சை முதலில் எடுத்துக் கொள்வோம். அதுதானே குடும்பத்துக்கு க்ஷேமம்! பால் பல் விழப்போவது வாஸ்தவம். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் விழுவது சுமார் 9 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில். அதுவரை குழந்தை அவற்றைக் கொண்டுதான் மென்று தின்ன வேண்டும். சொத்தை வேருக்கு இறங்கிச் சீழ் பிடித்தால் கன்னம் வீங்கும், ஜுரம் வரும், அடியில் உருவாகிக் கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கும் தீங்கு நேரலாம். ஆகவே சும்மா விட்டுவிடுவது வழியல்ல.

இனி மற்ற மூவருக்கும் பதில் சொல்ல வேண்டுமானால், ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வது அவசியம். வலி வேறு, பயம் வேறு. வலிக்குக் கொடுக்கும் மருந்து பயத்தைப் போக்காது. பயத்துக்குக் கொடுக்கும் மருந்து வலியைப் போதுமான அளவு போக்காது. பெற்றோரின் குழப்பத்தில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவதே.

வலிக்கு உரியது, ஈறு மரத்துப் போவதற்கான ஊசி. பிரெஞ்சு ரசாயன நிபுணர் எர்னஸ்ட் ஃபூர்னோ 1903-இல் அத்தகைய மருந்து ஒன்றைச் செயற்கையாகத் தயாரித்தார். ஃபூர்னோ என்றால் பிரெஞ்சில் அடுப்பு. அதை இங்கிலீஷில் 'ஸ்டவ்' ஆக்கி, மருந்துக்கு 'ஸ்டொவெயின்' என்று பெயர் சூட்டினார்கள்! இரண்டு பாஷையும் பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஹாஸ்யத்தை விளக்க வேண்டியதில்லை. இன்று பெரும்பாலும் கையாளப்படுவது, 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் கண்டுபிடித்த லிக்னோகெயின். முதலில் ஈறில் களிம்பைத் தடவி, மேல்தோல் மரத்த பிறகு, மெல்லிய ஊசியால் நிதானமாகச் செலுத்தினால் குழந்தைக்கு அதிக வேதனை இராது. அளவு உடல் எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது குழந்தைகளுக்கான விதி. 15 கிலோ குழந்தைக்கு, வழக்கமான 2 சதவிகித மருந்தில், இது மூன்று மில்லிலிட்டருக்குச் சற்றே அதிகம். ஆகையால் எடை பார்க்காமல் ஊசி எடுப்பவரிடம் எடையை நினைவூட்டத் தயங்காதீர்கள். ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். குழந்தை விளையாட்டாக அதைக் கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளாமல் பக்கத்திலிருந்து பார்த்துக் கொள்ள வேண்டும்.

பயத்துக்கு முதல் மருந்து மருந்தே அல்ல. கருவியைப் பெயர் சொல்லி, கையில் தொட்டுக் காட்டி, பிறகு வாயில் வைக்கும் வைத்தியரும், "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாத தாயாருமே முதல் மருந்து. அது போதாதபோது கொழுந்தனார் சொன்ன வாயு உதவும். அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ், 1844-இல் தம் பல்லையே பிடுங்கச் சொல்லிப் பரீட்சித்த நைட்ரஸ் ஆக்ஸைடுதான் அது. இப்போது அதைப் பிராணவாயுவோடு கலந்து கொடுக்கிறார்கள். பிரான்ஸில் பாதிக்குப் பாதி கலந்து 'மெயோப்பா' என்கிறார்கள். குழந்தை தூங்காது, கேட்டால் பதில் சொல்லும், நிறுத்திய சில நிமிஷங்களில் தெளியும். ஆனால் கொழுந்தனார் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: சொத்தையைக் குடைய ஊசியும் வேண்டும். தவிர, சளியால் மூக்கடைத்த குழந்தைக்கும், முகமூடியைத் தள்ளிவிடும் குழந்தைக்கும் இது பயன்படாது.

அடுத்த படி, மிடஸோலாம் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்து அரைத்தூக்கத்தில் ஆழ்த்துவது. சில குழந்தைகள் இதனால் அமைதியடையாமல், மாறாக ஆவேசம் கொள்வதும் உண்டு. மூச்சு மந்தப்படக் கூடுமாதலால், விரலில் பிராணவாயு அளவு காட்டும் கருவியை மாட்டி, பல்லைப் பார்ப்பவரைத் தவிர மூச்சைப் பார்க்கவென்றே வேறொருவர் இருக்க வேண்டும். வீட்டில் கொடுத்து அழைத்து வருவது கூடவே கூடாது.

முழு மயக்கம் கடைசிப் படி. மிகச் சிறு குழந்தை, பல பற்களில் சொத்தை, எவ்விதத்திலும் ஒத்துழைக்க இயலாத நிலை—இவற்றுக்கு அதுவே சரியான வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து நிபுணர் கையால்தான் அது நடக்க வேண்டும். ஆறு மணி நேரம் உணவும் பசும்பாலும் இல்லை. இரண்டு மணி நேரம் தண்ணீரும் இல்லை. "பாவம், பசிக்குமே" என்று பாட்டி ரகசியமாகக் கொடுக்கும் ஒரு பிஸ்கோத்து, மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லி விடுங்கள். வேறொரு நாள் பார்த்துக் கொள்ளலாம்.

கையைக் காலைப் பிடிக்கச் சொன்னவருக்கு என்ன பதில்? அப்படிச் செய்தால் அந்தப் பல் அடைபடும். ஆனால் அடுத்த பல்லுக்குக் குழந்தை வாயே திறக்காது. பெரியவளான பிறகும் வலியைப் பொறுத்துக் கொண்டு வைத்தியரைத் தவிர்ப்பாள்.

ஆகவே, சகோதரி! இரவில் எழுப்பும் பல்லுக்கு வெறும் அடைப்புப் போதாமல் வேர் சிகிச்சையோ, பிடுங்குவதோ தேவைப்படலாம். அதை இந்த வாரமே காட்டுங்கள். வலியில்லாத மற்ற இரண்டிலும் சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். ஊசியும் குடைதலும் வேண்டாம். சொத்தை கறுத்துப் போகும். ஆனால் குழந்தை சற்று வளரும் வரை அவகாசம் கிடைக்கும்.

இதற்காக நீங்கள் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை. கோரிமேட்டில் மகாத்மா காந்தியின் பெயரால் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரும் அதே பக்கந்தான். எங்கே போனாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் குழந்தையின் எடைக்கு மருந்து எவ்வளவு? அவள் மூச்சைப் பார்த்துக் கொண்டிருப்பவர் யார்? ஏதாவது நேர்ந்தால் பிராணவாயுவும் கருவிகளும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? நல்ல வைத்தியர் இவற்றைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். கோபிப்பவரிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள்.