ஓடினால்தான் இஞ்சின்!

எங்க ஊர் மேச்சேரி ரோடு ஸ்டேஷன் பக்கம் கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா, மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப் போகும் கூட்ஸ் வண்டியைப் பார்க்கலாம். நீராவி காலம் முடிந்துவிட்டது என்கிறோம். ஆனால் அந்த நிலக்கரி அங்கே போய்ச் செய்வதும் தண்ணீரை ஆவியாக்கும் வேலைதான்! அதே ஆவியால் ரயிலை இழுத்த இஞ்சினை மட்டும் பெயிண்ட் அடித்துப் பொம்மையாக நிறுத்திவிட்டோம்.

அப்படி நின்ற ஒன்றுதான் இ.ஐ.ஆர். 21. 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. ஓய்வு கொடுத்த பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக இருந்தது. அதை நம்ம சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்குக் கொண்டுவந்து, காணாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தி, 2010 ஆகஸ்ட் 15ல் ஓட விட்டார்கள். அதன் ஜோடியான 'ஃபேரி குயின்' 1997லேயே மறுபடி ஓடியது. அதையும் சரிசெய்தது பெரம்பூர்தான்.

"பாதி பாகம் புதுசுன்னா அது எப்படிப் பழைய இஞ்சின்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. எல்லா பாகமும் அப்படியே இருக்கும் அபூர்வமான இஞ்சின் என்றால் கை வைக்கக் கூடாது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே பாகம் பறிகொடுத்து நிற்பதை ஓட்டுவதில் என்ன நஷ்டம்?

லாபம் என்ன தெரியுமா? கைவேலை. பாய்லர் குழாயை மாற்றுவது, அடுப்பு மூட்டும் முன் தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது, குளிர்ந்த பாய்லரை அவசரப்படாமல் மெல்லச் சூடாக்குவது... இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் மட்டும் வராது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழக வேண்டும். அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஊட்டி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பட்டறையில் இந்த நூற்றாண்டிலும் புது நீராவி இஞ்சின் கட்ட முடிந்தது என்றால், அந்தக் கை இன்னும் உயிரோடு இருந்ததுதான் காரணம்.

செலவு உண்டு, ஆபத்தும் உண்டு. பாய்லர் விளையாட்டுப் பொருள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஓட்ட வேண்டாம். சிலதை ஓட்டுவோம், ஒவ்வொன்றோடும் நாலு இளைஞர்களைப் பழக்குவோம்.

இரும்பை இன்னும் நூறு வருடம் கழித்தும் சரிசெய்யலாம். சொல்லித்தர ஆள் இருக்க மாட்டார். நீங்க என்ன சொல்றீங்க?