ஆயத்தம் இருந்தால் தைரியம் தானே வரும்

வேலை தேடி அலையும் இளைஞனுக்கு நாம் எல்லோரும் தாராளமாக வழங்குகிற பொருள் ஒன்று உண்டு. அதுதான் புத்திமதி. "தைரியமாகப் போ", "பயப்படாதே", "உன்னை நம்பு" என்கிறோம். சொல்லுகிறவருக்குச் செலவில்லை, கேட்கிறவனுக்குப் பயனும் இல்லை. பயப்படாதே என்று சொன்னதால் மட்டும் யாருக்கும் பயம் போனதில்லை. அது எதனால் வருகிறது என்று பார்த்து, அந்தக் காரணத்தை நீக்கினால்தான் போகும்.

நெல்லையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ சேலத்திலிருந்தோ மும்பைக்கு வண்டி ஏறி வருகிற தம்பியின் பயம் என்ன? எதிரே இருப்பவர் கேட்பது புரியாமல் போய்விடுமோ என்பது ஒன்று. கேட்ட காகிதம் கையில் இல்லையே என்பது இரண்டு. தனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல ஒன்றும் இல்லையே என்பது மூன்று. கடை வைக்க நினைப்பவருக்கோ நான்காவதாக ஒன்று இருக்கிறது: போட்ட முதல் திரும்புமா என்பது. இந்த நான்கும் மனக்கோளாறு அல்ல, நியாயமான பயங்கள். நான்குக்கும் மருந்து மேடைப் பேச்சில் இல்லை. சில மாத உழைப்பில் இருக்கிறது.

நம் முன்னோர் இந்த நகரத்துக்கு வெறும் துணிச்சலை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. தாராவிக்கு வந்த நெல்லைச் சீமைத் தொழிலாளர்கள் தோல் பதனிடும் கைவேலையோடு வந்தார்கள். கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு வந்த குமாஸ்தாக்கள், பள்ளியிறுதிச் சான்றிதழோடு தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்தார்கள். "என்ன தெரியும்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. அந்தப் பதில்தான் அவர்களுடைய தைரியம்.

காலம் மாறியதும் தெரிந்ததே. கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் இந்தியாவில் தட்டச்சு இயந்திரம் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அந்தத் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனால் ஆங்கில எழுத்து விசைகளின் வரிசை கணினியிலும் அதேதான். விரலில் ஏறிய பழக்கம் வீண்போகவில்லை. இயந்திரம் போனாலும் கற்ற வேலையின் ஒரு பகுதி கூடவே வரும். கற்காதவனுக்குத்தான் ஒவ்வொரு மாற்றமும் இடியாக விழும்.

ஆகவே வேலை தேடும் தம்பிகள் முதலில் செய்யவேண்டியது, சொல்லிக்கொள்ள ஒரு வேலையைக் கற்பது. பட்டம் இருக்கிறது என்பது போதாது. டாலியில் கணக்குப் பதியத் தெரியும், ஜி.எஸ்.டி. பட்டியல் போடத் தெரியும், கனரக வண்டி உரிமம் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவேண்டும். "எந்த வேலையானாலும் செய்வேன்" என்று சொல்வது பணிவாகத் தோன்றலாம். வேலை கொடுப்பவர் காதில் அது "எந்த வேலையும் தெரியாது" என்றே விழும்.

இரண்டாவது மொழி. மராட்டியமும் இந்தியும் முழுதாகக் கற்றபின் வேலைக்குப் போவோம் என்று இருந்தால் தலை நரைத்துவிடும். முதலில் இருபது வாக்கியங்கள் போதும். பெயர், ஊர், தெரிந்த வேலை, முன்பு வேலை பார்த்த இடம், எதிர்பார்க்கும் சம்பளம், வேலை நேரம் ஆகியவை அவற்றில் அடங்கிவிடும். "மலா ஹே காம் யேதே" என்றால் மராட்டியத்தில் "எனக்கு இந்த வேலை தெரியும்" என்று பொருள். இதை இடறாமல் சொல்லுகிறவனுக்கும் தலைகுனிந்து நிற்கிறவனுக்கும் எவ்வளவு வேறுபாடு! அறையில் கூட இருக்கும் நண்பர் முதலாளிபோலக் கேள்வி கேட்கட்டும். நீங்கள் பதில் சொல்லுங்கள். பத்து நாள் பழகினால் பதினோராம் நாள் நாக்கு தானாகப் புரளும். தவறாகப் பேசினால் இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்களே என்று அஞ்சவேண்டாம். தம் மொழியைப் பேச முயலுகிறவனிடம் அவர்களில் பெரும்பாலோர் பிரியமாகவே நடந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது ஒரு நோட்டுப்புத்தகம். எந்தத் தேதியில் எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று அன்றன்றே எழுதிவையுங்கள். நான்கு இடத்தில் "இல்லை" என்றவுடன் "எனக்கு ராசியில்லை" என்று பாயைச் சுருட்டிப் படுத்துவிடும் இளைஞர்கள் நம்மிடையே பலர். நோட்டைப் புரட்டினால் நான்கில் மூன்று இடத்தில் ஒரே கேள்வியில்தான் தடுக்கியிருப்பது தெரியும். ராசியைத் திருத்த யாராலும் முடியாது. ஒரு கேள்விக்குப் பதிலைத் தயார் செய்ய எல்லோராலும் முடியும்.

பயந்தவனைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். "இருபதாயிரம் கொடு, நிரந்தர வேலை" என்று சொல்லும் தரகர் பிடிப்பது நம்பிக்கை இழந்தவர்களைத்தான். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தில் வேலை தேடுவோர் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். வேலை கிடைத்தபின் நியமனக் கடிதம் கேட்பதற்கும் கூசவேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கின்றன. உரிமை இன்னதென்று தெரிந்தவனின் குரல் தானே நிமிரும்.

இனி சிறுதொழிலுக்கு வருவோம். தோசா பிளாசா நிறுவனத்தைத் தொடங்கிய பிரேம் கணபதியின் பெயர் நம்மவர்களுக்குத் தெரிந்ததே. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து 1990-இல் இந்நகருக்கு வந்தவர். அழைத்து வந்தவரே கைவிட்டுப் போக, பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தார். 1992-இல் வாஷி ரயில் நிலையத்தருகே இட்லி, தோசைத் தள்ளுவண்டி போட்டார். அந்த வண்டியைப் பற்றி எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை. உணவுக்கடை எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்த்த ஆண்டுகள் அவை. அந்தப் பழக்கமும் முதலோடு சேர்த்து எண்ணவேண்டிய ஒன்றுதான்.

நாம் தினமும் பார்க்கும் லிஜ்ஜத் அப்பளத்தின் கதையும் அப்படியே. 1959 மார்ச் 15 அன்று கிர்காவ் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மாடியில், ஜஸ்வந்திபென் போபட் உள்ளிட்ட ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் நாள் தயாரானது நான்கு பொட்டலம். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் கரம்சி பாரேக், தொடக்கத்திலிருந்தே கணக்கை ஒழுங்காக வைக்கும்படி பழக்கினார். ஜஸ்வந்திபென்னுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பெண்கள் தெரியாத தொழில் எதிலும் கைவைக்கவில்லை. வீட்டில் செய்து பழகியதையே விற்றார்கள்.

நம் சிறு வியாபாரிகள் பலர் சறுக்குவது கணக்கில்தான். ஓர் இட்லிக் கடையில் ஒருநாள் விற்பனை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, தேங்காய், எண்ணெய், எரிவாயுவுக்கு 1,100, உதவியாளருக்கு 400, வண்டி வாடகைக்கு 150. மீதி 350 ரூபாய். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவோடும் அடுப்போடும் மல்லுக்கட்டும் கணவன், மனைவி இருவரின் கூலியும் அதற்குள்தான். இது தெரியாமல் மாலையில் கல்லாவில் இருக்கும் ரூபாயெல்லாம் இலாபம் என்று எண்ணிச் செலவழித்தால், மறுநாள் அரிசிக்கு வட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த வட்டியையும் கணக்குப் பார்ப்போம். தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருகிறார். தினம் 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே போகிறது" என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீத வட்டி. இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு எந்த இட்லிக்கடை எழுந்து நிற்கும்?

வேறு வழி இல்லாமல் இல்லை. நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2020-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முதல் தவணைக் கடன் 15,000 ரூபாய் வரை. அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. நடைபாதை வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டமே வந்தது. மும்பையில் அதன் செயல்பாடு ஆண்டுக்கணக்கில் இழுபறியாகவே இருந்து வந்திருக்கிறது என்பது உண்மை. வங்கியிலும் ஒரே நடையில் காரியம் முடிந்துவிடாது. ஆனால் ஆதார், வங்கிக் கணக்கு, வியாபாரச் சான்று, ஆறு மாத வரவு செலவு நோட்டு ஆகியவற்றோடு போகிறவரைத் திருப்பி அனுப்புவது, வெறுங்கையோடு போகிறவரைத் திருப்பி அனுப்புவதுபோல எளிதல்ல.

"இதெல்லாம் சரி ஐயா, வெளியூர்க்காரன் என்று ஒதுக்குகிறார்களே, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்பவர் இருப்பர். ஒதுக்குவதே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிபாரிசும் சாதியும் வாசலில் நிற்பதும் பொய்யல்ல. ஆயத்தமாகப் போகிறவனுக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று உறுதி கூற யாராலும் முடியாது. ஆயத்தமில்லாதவனுக்கோ, திறந்திருக்கும் கதவும் கண்ணில் படாது.

இதில் பாதிப் பொறுப்பு ஏற்கெனவே ஊன்றி நிற்பவர்களுடையது. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு என்று தமிழர் வாழும் பகுதிகளில் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் குறைவில்லை. விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், நல்லதுதான். அத்துடன் ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம், மன்றக் கூடத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுங்கள். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். மராட்டியம் தெரிந்த பள்ளி மாணவி ஒருத்தி இருபது வாக்கியம் சொல்லிக்கொடுக்கட்டும். கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் வரவு செலவு எழுதக் காட்டட்டும். இதற்கு நன்கொடைப் புத்தகம் அச்சிட வேண்டியதில்லை.

அறையில் ஒரு தம்பி மூன்று மாதமாகச் சும்மா இருக்கிறான் என்றால், அவன் ஊருக்குப் பணம் அனுப்புவதாகக் கடன் வாங்கிக்கொண்டிருக்கக்கூடும். "வேலை கிடைத்துவிட்டது" என்று தாயிடம் தொலைபேசியில் பொய் சொல்லிக்கொண்டிருக்கவும்கூடும். அவனுக்குத் தேவை இன்னொரு புத்திமதி அல்ல. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு எங்கே போகிறாய்? என்ன கேட்பார்கள்? வா, சொல்லிப் பார்ப்போம்" என்று கேட்கும் ஓர் அண்ணன் தேவை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். முதல் அடியை அவனோடு சேர்ந்து நாம் வைப்போம்.