ஒரே பாட்டை எத்தனை தரம் வாங்குவது?

இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. வாலிபர் கூடுகை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் பெரிய பெட்டி ஒன்றை மண்டப மேசையில் வைத்துத் திறந்தார். பிங்க் ஃபுளொயிட் குழுவினரின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' அல்பத்தின் 50ஆம் ஆண்டுப் பதிப்பு. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். கோப்பை கழுவிக்கொண்டிருந்த அன்ரி ஒருவரும் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்த முக்கோணப் படம் போட்டது உம்மட்ட முந்தியே இருந்ததெல்லே?"

"ஓம் அன்ரி. இது ரீமாஸ்ரர் பண்ணினது."

"அப்ப பாட்டு வேறயோ?"

"இல்லை, அதே பாட்டுத்தான்."

"பிறகேன் காசு குடுத்தனீர்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. எங்கள் ஐக்கியத்தில் பழைய றொக் அல்பங்களின் புதுப் பதிப்புகளைச் சேர்க்கிறவர்கள் ஐந்து பேர் இருக்கிறோம். அந்தக் கேள்விக்கு ஐவரும் சேர்ந்து எழுதும் பதில் இது.

முதலில், இது என்ன விஷயம் என்று தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். நமது பாடகர் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். சோப்ரானோ, அல்ரோ, தெனர், பேஸ், ஓர்கன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக் வைத்துத் தனித்தனியாகப் பதிவுசெய்கிறோம். எதை எவ்வளவு உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது என்று பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது மிக்சிங். அப்படிச் சேர்த்த ஒலியை இசைத்தட்டுக்கோ சீடிக்கோ ஏற்றபடி கடைசியாகச் சீர்செய்வது மாஸ்ரறிங். பழைய மூல நாடாவை எடுத்து அந்தக் கடைசி வேலையை மட்டும் புதிதாகச் செய்தால் அது ரீமாஸ்ரர். தனித்தனிப் பதிவுகளுக்கே திரும்பிப் போய், மறுபடி சேர்த்தால் அது ரீமிக்ஸ். இவற்றோடு ஒத்திகைப் பதிவுகள், அந்த நாளில் வெளிவராத பாட்டுகள், படப் புத்தகம் எல்லாவற்றையும் கூட்டிப் பெட்டியில் போட்டு விற்றால் அது டீலக்ஸ் பதிப்பு.

இது முழுவதும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டால் கட்டுரை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் அது உண்மை அல்ல. பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ற் பெப்பர்' அல்பத்தை எடுத்துக்கொள்வோம். அது வந்தது 1967இல். அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒற்றை ஒலிபெருக்கி. ஆகவே தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டினும் அந்த நால்வரும் மொனோ மிக்சிங்குக்குத்தான் நேரம் செலவழித்தார்கள். ஸ்ரீரியோவை நால்வரும் இல்லாமலே விரைவாகச் செய்து முடித்தார்கள். பின்னாளில் உலகம் முழுவதும் கேட்டது அந்த அவசர ஸ்ரீரியோவைத்தான். இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்றைய கருவியில் நான்கு தடங்கள்தான். நான்கும் நிறைந்ததும் அவற்றைச் சுருக்கி இன்னொரு நாடாவுக்கு மாற்றினால்தான் அடுத்த வாத்தியத்துக்கு இடம் கிடைக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிவு கொஞ்சம் போய்விடும்.

2017இல் அந்த அல்பத்தின் 50ஆம் ஆண்டுக்கு ரீமிக்ஸ் செய்தவர் ஜோர்ஜ் மாட்டினின் மகன் ஜைல்ஸ் மாட்டின். தந்தை இறந்து ஓர் ஆண்டு கழிந்திருந்தது. சுருக்கப்படுவதற்கு முந்திய முதல் நாடாக்களைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்து வேலை செய்தார். அந்தப் பதிப்பை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், 50 வருடமாக ஒரு திரைக்குப் பின்னால் நின்ற ட்ரம்ஸ் முன்னுக்கு வந்து நிற்கிறது. 2022இல் வந்த 'றிவோல்வர்' பதிப்பில், ஒரே தடத்தில் ஒட்டிக்கிடந்த வாத்தியங்களையே கணினியால் பிரித்தெடுத்தார்கள். தகப்பனின் வேலையை ஒரு மகன் இவ்வளவு கவனமாகப் பேணுவதைப் பார்க்கும்போது நாம் சபையில் உக்கிராணத்துவம் என்று சொல்லும் சொல்லுக்கு இதுவும் ஓர் உதாரணம் என்றே நினைக்கிறோம். ஆகவே அன்ரிக்கு எங்கள் முதல் பதில்: பாட்டு அதேதான், ஆனால் சில வேளை முதல் தரமாக அதைச் சரியாகக் கேட்கிறோம்.

சில வேளை மட்டும்தான். எல்லாப் புதுப் பதிப்பும் அப்படி அல்ல. 1990களிலிருந்து வந்த பல ரீமாஸ்ரர்களில் நடந்தது வேறு. மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களை வெட்டி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சத்தமாக்கிவிட்டார்கள். முதல் நிமிடம் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். அல்பம் பாதி ஓடுமுன் காது களைத்துவிடும். போதகர் பிரசங்கம் முழுவதையும் உச்சக் குரலில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதன்பிறகு, அந்தப் பிழையைத் திருத்திய பதிப்பு என்று இன்னொன்று வரும். அதையும் வாங்கினோம்.

நாங்கள் மேசையில் திறந்த அல்பத்தையே பாருங்கள். முதலில் வந்தது 1973இல். 2003இல் 30ஆம் ஆண்டுப் பதிப்பு. 2011இல் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ஒரு கழுத்துத் துணியும், கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டைகளும், கண்ணாடி மாபிள்களும் இருந்தன. 2023இல் 50ஆம் ஆண்டுப் பெட்டி. மாபிளுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்களைக் கூடுதலாகச் சிந்திக்க வைத்தது ஜோர்ஜ் ஹரிசனின் 1970ஆம் ஆண்டு அல்பம். மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. அதில் எதிரொலி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்ற மனக்குறை ஹரிசனுக்கே பிற்காலத்தில் இருந்தது. ஆகவே 2021இல் அவருடைய மகன் அதை ரீமிக்ஸ் செய்வித்து வெளியிட்டது நியாயமான வேலை. அந்த ரீமிக்ஸ் சாதாரண விலையிலும் கிடைத்தது. ஆனால் அதே அல்பம் ஒரு மரப்பெட்டியிலும் வந்தது. அதற்குள் அட்டையில் இருக்கும் தோட்டப் பொம்மைகளின் சிறு உருவங்கள், ஹரிசன் வாழ்ந்த வீட்டுத் தோட்டத்து மரத்தில் செய்த புத்தக அடையாளம், உருத்திராட்ச மணிகள். விலை ஏறத்தாழ 1000 அமெரிக்க டொலர். அந்த அல்பத்தின் பெயர் 'ஓல் திங்ஸ் மஸ்ற் பாஸ்'. எல்லாம் கடந்துபோகும் என்று பொருள்.

ஹரிசனின் நம்பிக்கை நமது நம்பிக்கை அல்ல. ஆனால் அந்தத் தலைப்பை அவர் மனதார நம்பித்தான் வைத்தார். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிற நாங்கள் அந்த மரப்பெட்டியின் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டோம். தலைப்பை விளங்கிக்கொண்டவர் யார்?

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஐசுவரியவானின் உவமையை ஓய்வுநாள் பாடசாலையிலேயே படித்துவிட்டோம். அவனுடைய நிலம் நன்றாக விளைந்ததை இயேசு குற்றமாகச் சொல்லவில்லை. விளைச்சல் நல்லதுதான். அதற்காக அவன் செய்த ஒரே காரியம், இருந்த களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தது. அவன் அதைப்பற்றிப் பேசியதும் தன்னோடு மட்டும்தான். அவன் பேச்சில் வேறு ஒரு மனிதரும் வருவதில்லை. இந்த உவமையை இந்தக் கட்டுரைக்காக மறுபடி வாசித்தபோது எங்களுக்குக் குத்தியது இதுதான்: எங்களிடம் புதிய விளைச்சல்கூட இல்லை. அதே தானியத்தை ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு பெரிய களஞ்சியத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் ஐவரும் அவரவர் வீட்டில் ஒரு கணக்கு எடுத்தோம். எந்தப் பெட்டியை முழுதாகக் கேட்டோம், எந்தத் தட்டு உறையை விட்டு வெளியே வரவேயில்லை, எதைத் திறக்கவேயில்லை என்று மூன்று வரிசை. எழுத வெட்கமாக இருக்கிறது. பாதிக்கு மேல் முழுதாகக் கேட்காதவை. ஒன்பது பெட்டிகளின் பிளாஸ்ரிக் உறை கிழிக்கப்படவேயில்லை. திறக்காமல் வைத்தால் பிறகு கூடிய விலைக்கு விற்கலாம் என்பது எங்கள் சாட்டு. இதுவரை ஒன்றையும் விற்கவில்லை.

இன்னொன்றும் வெளிவந்தது. எங்களில் ஒருவர் மூன்று பெட்டிகளைத் தவணை முறையில் வாங்கியிருந்தார். குறைந்த எண்ணிக்கையில்தான் வெளியிடுகிறார்கள், இன்று விட்டால் நாளை கிடைக்காது என்ற அவசரம். அந்தத் தவணைகள் ஓடிக்கொண்டிருந்த மாதத்தில் அவருடைய அம்மா வீட்டு வாடகைக்குக் கொஞ்சம் உதவி கேட்டார். "இந்த மாதம் கையில் ஒன்றும் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா இரண்டு வாரம் மேலதிக வேலை செய்து அதைச் சமாளித்தார். இதை இங்கே எழுதச் சொன்னவரும் அவரே. வாலிப நண்பர்களே, பிரச்சினை றொக் இசையில் இல்லை. வீட்டில் கேட்ட குரலைவிடப் பெட்டிக்குள் இருந்த குரல் எங்களுக்குப் பெரிதாகிவிட்டதுதான் பிரச்சினை.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கி வீசுங்கள் என்று சொல்லமாட்டோம். எங்கள் பெட்டிகளில் ஒன்று எங்களுக்கு உண்மையாகவே நன்மை செய்தது. பொப் டிலன் 1979இல் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு 'ஸ்லோ ட்ரெயின் கமிங்' அல்பத்தை வெளியிட்டார். அந்த நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் 14 நிகழ்ச்சிகளில் தன் புகழ்பெற்ற பழைய பாட்டு ஒன்றையும் பாடாமல், புதிய விசுவாசப் பாட்டுகளை மட்டும் பாடினார். சபையில் இருந்தவர்கள் சிலர் கூச்சலிட்டார்கள். பத்திரிகைகளும் கடுமையாக எழுதின. அந்தக் காலத்து மேடைப் பதிவுகள் 2017இல் 'ட்ரபிள் நோ மோர்' என்ற பெயரில் எட்டு சீடிகளாக வந்தன. ஒரு லெந்து காலம் முழுவதும், கிழமைக்கு ஒரு சீடியாக, நாங்கள் ஐவரும் ஒன்றாக இருந்து கேட்டோம். தன்னை விரும்பி வந்த கூட்டத்தின் முன் அவர்கள் விரும்பாததைப் பாடுவது என்ன என்று அதில் கேட்டது, எங்கள் வேலை இடத்து மௌனங்களைப்பற்றி எங்களைப் பேச வைத்தது. அந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசு வீண் என்று ஒருவரும் சொல்லமுடியாது. காரணம் பெட்டி அல்ல, கேட்டோம் என்பதுதான்.

ஆகவே எங்களுக்குள் சில தீர்மானங்கள் எடுத்திருக்கிறோம். இருக்கிற பதிப்பை முழுதாக, வேறு வேலை செய்யாமல், ஒரு தரமாவது கேட்காமல் புதியதை வாங்குவதில்லை. புதியதை முதலில் இணையத்தில் கேட்டுப் பார்ப்போம். வித்தியாசம் காதுக்குத் தெரியாவிட்டால் அது நமக்குத் தேவையில்லை. புதியது வந்தால் பழையதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம். தவணையில் ஒன்றும் இல்லை. திறக்காத ஒன்பது பெட்டிகளில் நான்கைத் திறந்துவிட்டோம். ஐந்தை விற்கிறோம். தவணைக்காரர் தன் பங்கை அம்மாவின் கையில் கொடுப்பார்.

கடைசியாக ஒன்று. கணக்கு எடுக்கும்போது எங்களில் ஒருவரின் அலுமாரியில், அந்தப் பெட்டிகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. அதற்குள் கசெற்றுகள். ஊரில் நத்தார் கரோல் ஆராதனையைப் பதிவுசெய்தது, அம்மப்பா ஜெபம் பண்ணியது, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை. ஒன்றில் நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு விழுந்திருந்தது. இன்னொன்றில் நாடா சுருண்டு சிக்கியிருந்தது. வேறு யாரோ 1967இல் கைவிட்ட ஒத்திகையைக் கேட்பதற்கு நாங்கள் நூறு பவுண் கொடுத்திருக்கிறோம். இவற்றுக்கு ஒரு மூல நாடாதான் உண்டு. அதை ரீமாஸ்ரர் பண்ண எந்த நிறுவனமும் வராது.

இதற்குப் பெரிய ஸ்ரூடியோ தேவையில்லை. வேலை செய்யும் ஒரு கசெற் பிளேயர், ஒரு வயர், ஒரு மடிக்கணினி போதும். பாடுகிறவர் யார், எந்த ஆண்டு, எந்தக் கோவில் என்று சொல்வதற்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். அது இன்னும் சில வருடங்களுக்குத்தான் முடியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடுகைக்குப் பின் மண்டபத்தில் நாங்கள் ஐவரும் கருவிகளோடு இருப்போம். வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள்.

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் அந்த அன்ரியிடம் வாசித்துக் காட்டினோம். முழுவதையும் கேட்டுவிட்டு, பெட்டிகளைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "என்னட்டயும் ரெண்டு கசெற் கிடக்குது. அம்மா பாடினது. போட்டுக் கேக்க ஒண்டும் இல்லாமல் இருபது வருஷமா வைச்சிருக்கிறன்" என்றார்.

முதல் சனிக்கிழமை அவருடையதைத்தான் முதலில் போடப்போகிறோம்.