ஏரியோடு போகும் முகாம்கள்

வடக்கு கலிஃபோர்னியாவின் லேக் கவுண்டியில், மெண்டோசினோ தேசிய வனத்துக்கு நடுவே இருக்கிறது பில்ஸ்பரி ஏரி. ஈல் நதியின் குறுக்கே 1922-இல் எழும்பிய ஸ்காட் அணையால் உருவான நீர்த்தேக்கம் இது. கரையோரமாக சன்செட் பாயின்ட், போகி பாயின்ட், ஃபுல்லர் குரோவ் என்று பொது முகாம்கள். கூடாரம் அடிக்கும் திடலில் மேஜை ஒன்று, தீ மூட்ட இரும்பு வளையம் ஒன்று. அருகில் கழிப்பறையும் படகு இறக்கும் சரிவும். ஏரியைச் சுற்றிய புல்வெளிகளில் டூலி எல்க் மான்கள் கூட்டமாக மேயும். விடுதி வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கும் கோடை விடுமுறை வாய்க்கும் இடம் இது.

அணையின் உரிமையாளரான பி.ஜி. அண்ட் ஈ. மின் நிறுவனம், மின்னுற்பத்தி உரிமத்தை ஒப்படைத்து அணையை இடிக்க 2025 ஜூலையில் விண்ணப்பித்திருக்கிறது. இந்த அணையின் நீரில் இயங்கிய, 10 மெகாவாட்டுக்கும் குறைவான மின்நிலையம் 2021-இல் மின்மாற்றி பழுதானதிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. நிறுவனத்துக்கு இனி லாபமில்லை. ஆகவே ஏரியும் வேண்டாம் என்றாகிவிட்டது.

ஏரி வற்றினால் படகுச் சரிவு சேற்றில்தான் போய் முடியும். நீரில்லாத கரையில் முகாமுக்கு யார் வருவார்கள்? 2020-இல் இந்த வனத்தில் மூண்ட ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அப்படிப்பட்ட காட்டுக்குள், ஹெலிகாப்டர் நீர் மொள்ளக்கூடிய ஏரியை இழப்பது சின்ன விஷயமல்ல.

இதில் பெரிய அநீதி வேறொன்று. ஈல் நதியிலிருந்து ரஷ்யன் நதிக்குத் திருப்பப்படும் நீரின் பங்கீடு குறித்து 2025 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சோனோமா, மெண்டோசினோ கவுண்டிகளின் நீர் அமைப்புகளும் ஹம்போல்ட் கவுண்டியும் இருக்கின்றன. ரவுண்ட் வேலி பழங்குடியினர் இருக்கிறார்கள். மீன்வள அமைப்புகளும் உண்டு. ஏரி கிடக்கும் லேக் கவுண்டி இல்லை. நீரைப் பெறுபவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். ஏரியைப் பறிகொடுப்பவர்களுக்குச் செய்தி மட்டும் போய்ச் சேருகிறது. 68,000 பேர் வாழும் எளிய கவுண்டியை இப்படி ஒதுக்குவது அப்பட்டமான அலட்சியம்.

வடக்கே கிளாமத் நதியின் அணைகளை இடித்தபோது நடந்ததும் இதுவே. 2010-இல் அங்குள்ள ஸிஸ்கியூ கவுண்டியில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 79 சதவீதத்தினர் அணைகளை இடிக்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். 79 சதவீதம் என்பது எந்தத் தேர்தலிலும் அசைக்க முடியாத தீர்ப்பு. ஆனால் அது கருத்தறியும் வாக்கெடுப்புதான் என்பதால் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. 2023, 2024-இல், இடிக்கத் திட்டமிட்ட நான்கு அணைகளும் போயின. அவற்றில் ஒன்று தேக்கிய காப்கோ ஏரியின் கரை வீடுகளுக்கு முன்னால் ஏரி இல்லாமல் போயிற்று. அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய சுமார் 45 கோடி டாலரும் மின் நுகர்வோரின் கட்டணத்திலிருந்தும் மாநில மக்களின் கடன்பத்திரப் பணத்திலிருந்தும் வந்ததே தவிர, மின் நிறுவனப் பங்குதாரர்களின் பையிலிருந்து வரவில்லை.

கிளாமத்தில் கடைசி அணையும் போன அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் மேலேறி வந்தன என்று இடிப்பை ஆதரிப்போர் சொல்கிறார்கள். வந்தது உண்மை, ஸ்காட் அணையில் மீன்கள் மேலேறிச் செல்ல மீனேணி இல்லை என்பதும் உண்மை. ஆனால் மீன் திரும்பியதைக் காட்டி, மனிதர்கள் இழந்ததற்கு ஈடு கேட்பதைத் தட்டிக்கழிப்பது வாதமே அல்ல.

பொது நதியில் மின்சாரம் எடுக்க உரிமம் பெற்றவருக்குப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்கு இடம் தரும் கடமையும் உண்டு. நூறாண்டு நதியை அனுபவித்துவிட்டு அந்தக் கடமையை உதறிச் செல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை. லேக் கவுண்டியின் ஒப்புதல் இல்லாமலும், மாற்று முகாம்களுக்கான பணத்தை நிறுவனம் தன் லாபத்திலிருந்து முன்கூட்டியே கட்டாமலும், உரிமம் வழங்கும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இந்த விண்ணப்பத்தை ஏற்கவே கூடாது.