பனிமலை யாருக்குத் திறந்திருக்கிறது?

மகளின் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 2021 பெப்ரவரியில் நடக்கவிருந்த பனிச்சறுக்கு முகாம் கொரோனா காரணமாக இம்முறை நடைபெறாது என்று இரண்டு வரியில் எழுதியிருந்தார்கள். அதே கிழமை, மலைக்கிராமம் ஒன்றிலுள்ள விடுதியின் குசினியில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். அவருடைய விடுதி திறந்திருந்தது. மலையேற்றும் கேபிள் கார்களும் ஓடின. "பள்ளிக்கூடப் பிள்ளையள் வரக்கூடாதாம், ரூறிஸ்ற் வரலாமாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் இருந்த கேள்விதான் இந்தக் கட்டுரை.

சுவிற்சர்லாந்தில் பனிச்சறுக்கு பணக்காரரின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கு நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டது. வகுப்பறைகளைச் சூடாக்க வழியின்றிக் குளிர்காலத்தில் பாடசாலைகளைச் சில நாட்கள் மூடினார்கள். அந்த விடுமுறையே பின்னர் 'விளையாட்டு விடுமுறை' என்று நிலைத்துவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் தலைமுறைக்கு இந்த வரலாறு விளங்காததல்ல. தட்டுப்பாட்டில் பிறந்த ஒரு வழக்கத்தை இந்த நாடு தன் அடையாளங்களில் ஒன்றாக ஆக்கிக்கொண்டது.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அடையாளத்துக்குள் நுழையும் வாசல் பாடசாலை முகாம்தான். ஒரு குடும்பம் சொந்தச் செலவில் மலைக்குப் போவதென்றால் சறுக்குப் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் வாடகை, கேபிள் கார் கட்டணம், பயிற்சி வகுப்பு என்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிராங் போய்விடும். பாடசாலை கட்டாயமாக நடத்தும் முகாமுக்குப் பெற்றோரிடம் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 16 பிராங் மட்டுமே அறவிடலாம் என்று 2017 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோப்பை கழுவுபவரின் பிள்ளையும் வங்கி முகாமையாளரின் பிள்ளையும் ஒரே சரிவில் விழுந்தெழும்பிப் பழகும் இடம் அது. 2021இல் பல பாடசாலைகளில் மூடப்பட்டது அந்த வாசல். காசு கொடுத்துப் போகும் வாசல் திறந்தே இருந்தது.

ஏன் அந்த நிலை என்று விளங்கிக்கொள்ள, 2020 மார்ச்சுக்குப் பின்னோக்கிப் போகவேண்டும்.

2020 மார்ச் 5 அன்று, ஒஸ்ரியாவின் திரோல் மாநிலத்திலுள்ள இஷ்கில் என்ற மலைக்கிராமத்தை ஐஸ்லாந்து அபாயப் பகுதியாக அறிவித்தது. அங்கிருந்து திரும்பிய தன் நாட்டவரிடம் தொற்று இருந்ததை ஐஸ்லாந்து கண்டிருந்தது. இரண்டு நாட்களில், அந்தக் கிராமத்தின் மதுச்சாலை ஒன்றில் வேலை செய்தவருக்குத் தொற்று உறுதியானது. ஆனாலும் சறுக்குப் பருவம் உடனே நிறுத்தப்படவில்லை. மார்ச் 13 அன்று பள்ளத்தாக்கு முழுவதும் தனிமைப்படுத்தப்படுவதாகத் திடீரென அறிவிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் அவசர அவசரமாகக் கிளம்பினர். அவர்களோடு வைரசும் ஐரோப்பா எங்கும் போனது. ஏப்ரலில் இன்ஸ்புறூக் மருத்துவப் பல்கலைக்கழகம் பரிசோதித்தபோது, கிராமத்தவரில் 42.4 வீதமானோரின் இரத்தத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்புடல்கள் இருந்தன. அதிகாரிகள் நிலைமையைப் பிழையாக மதிப்பிட்டார்கள், தாமதமாகச் செயற்பட்டார்கள் என்று சுயாதீன ஆணைக்குழு 2020 ஒக்ரோபரில் அறிக்கை தந்தது.

இதில் நாங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. திறந்த வெளியில், காற்றோட்டத்தில், ஆளுக்காள் இடைவெளியோடு சறுக்குவதில் தொற்றும் வாய்ப்பு குறைவு. நெருக்கியடித்த மதுச்சாலை, மூடிய கேபிள் கார், விடுதியின் உணவறை, பணியாளர் சேர்ந்து தங்கும் சிறிய அறை ஆகியவைதான் ஆபத்தான இடங்கள். முதல் மூன்றும் பயணியின் கண்ணுக்குத் தெரிபவை. நான்காவது எந்த விளம்பரப் படத்திலும் வருவதில்லை.

2020-21 பருவத்துக்கு முன்னர் ஜேர்மனியின் அங்கலா மேர்க்கல், ஜனவரி 10 வரை ஐரோப்பா முழுவதும் சறுக்குத் தலங்களை மூடிவைக்கவேண்டும் என்று கேட்டார். இத்தாலி திறப்பைத் தள்ளிப்போட்டது. பிரான்ஸ் கிராமங்களைத் திறந்து, மலையேற்றும் இயந்திரங்களை மட்டும் நிறுத்தியது. ஒஸ்ரியா விடுதிகளை மூடிவிட்டு, நத்தார் முதல் நாள் தொடக்கம் உள்ளூர்வாசிகளுக்குச் சரிவுகளைத் திறந்தது. சுவிற்சர்லாந்து திறந்தே வைத்தது. டிசம்பர் 9 முதல் மூடிய கேபிள் கார்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மட்டுமே ஏறலாம், வரிசையிலும் முகக்கவசம் அணியவேண்டும், டிசம்பர் 22 முதல் ஒவ்வொரு தலமும் மாநில அரசின் அனுமதி பெறவேண்டும் என்பவை அப்போதைய நிபந்தனைகள்.

விதிகள் தாளில் நன்றாகத்தான் இருந்தன. பிரித்தானியாவில் உருமாறிய வைரஸ் பரவியதால், டிசம்பர் 14இற்குப் பின் அங்கிருந்து வந்த எல்லோரும் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று டிசம்பர் 21இல் அறிவித்தார்கள். வேர்பியே என்ற தலத்தில் இந்த விதிக்குள் வந்த சுமார் 400 பிரித்தானியரில் பாதிப்பேர் வரை சத்தமில்லாமல் கிளம்பிவிட்டதாகச் செய்திகள் வந்தன. வெங்கன் கிராமத்தில் ஒரு விடுதியிலிருந்து தொடங்கிய பரவலால், பெயர்பெற்ற லவுபர்ஹோர்ன் போட்டி ஜனவரி 11 அன்று இரத்தானது. போட்டியை ஒஸ்ரியாவின் கிற்ஸ்பூகலுக்கு மாற்றினார்கள். அதற்குப் பக்கத்திலுள்ள யோக்பேர்க்கில் பனிச்சறுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த, பெரும்பாலும் பிரித்தானியரைக் கொண்ட குழுவில் தொற்று வெளிப்பட்டதால், அங்கிருந்தும் பிளாகாவுக்கு மாற்றவேண்டி வந்தது. ஜனவரி 18இல் சென் மோறிட்சில் இரண்டு ஆடம்பர விடுதிகள் முடக்கப்பட்டன. பாடசாலைகளும் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளிகளும் மூடப்பட்டன. விடுதியில் முடங்கிய விருந்தினருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். அதைச் சமைத்தவர்களும் அறையைத் துடைத்தவர்களும் அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள்.

எண்பதுகளில் அகதியாக வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு முதல் வேலை உணவகக் குசினியில்தான் கிடைத்தது. இன்றும் சுவிஸில் வாழும் ஐம்பதினாயிரம் அளவிலான தமிழரில் கணிசமானோர் அந்தத் துறையை நம்பியிருக்கிறார்கள். உணவகங்கள் 2020 டிசம்பர் 22 முதல் மூடப்பட்டு, 2021 பெப்ரவரி இறுதிவரை மூடியிருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது விடுதிகள் தங்கள் விருந்தினருக்கு மட்டும் உணவு பரிமாற முடிந்தது. 'கூர்ஸ்ஆர்பைற்' எனப்படும் குறைநேர வேலைக் கொடுப்பனவு, இழந்த சம்பளத்தில் 80 வீதத்தைத் தருகிறது. மாதம் 3470 பிராங்குக்குள் உழைத்தவருக்கு 2020 டிசம்பரிலிருந்து முழுமையாகக் கிடைத்தது. இது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பருவத்துக்கு வேலைக்கே எடுக்கப்படாதவருக்கு அதுவும் இருக்கவில்லை. சமூக உதவிப் பணம் கேட்கலாம் என்றால், நீண்டகாலம் அதில் தங்கியிருப்பது வதிவிட அனுமதியைப் பாதிக்கலாம் என்ற பயம். சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. கைச்செலவைச் சுருக்கி ஊருக்கு அனுப்பும் காசை நிறுத்தாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே நண்பரின் விடுதி திறந்திருப்பது அவருக்கு வருத்தமில்லை. அவருக்கு வேலை வேண்டும். இன்னும் இருவரோடு பங்கிடும் அறையில், அவர்களில் ஒருவர் இருமினால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை. மலையை மூடு என்று கத்துவதும், திறந்து விடு என்று கத்துவதும் அவருக்கு உதவப்போவதில்லை. திறக்கும் திட்டத்துக்குள் அவருடைய அறையும் இருக்கிறதா என்பதே கேள்வி. கேபிள் காரில் எத்தனை பேர் என்று எண்ணுபவர்கள், பணியாளர் அறையில் எத்தனை பேர் என்றும் எண்ணவேண்டும்.

ஊரிலுள்ள வாசகருக்கு இது தூரத்துக் கதையல்ல. 2020 மார்ச்சில் சுவிஸிலிருந்து வந்த போதகர் ஒருவர் அரியாலையில் நடத்திய ஆராதனைக்குப் பிறகு, யாழ்ப்பாணம் பல நாட்கள் தொடர் ஊரடங்கில் கிடந்தது. அப்போது 'சுவிஸ்' என்ற சொல்லே நோயின் பெயர் போல ஆனது. ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 28 அன்று மத்தளை விமான நிலையத்தில் உக்ரேனியச் சுற்றுலாப் பயணிகள் வரவேற்கப்பட்டார்கள். அதே வேளையில், மத்திய கிழக்கில் வேலையிழந்த இலங்கைத் தொழிலாளர்கள் நாடு திரும்ப விமானத்துக்குக் காத்திருந்தார்கள். அல்ப்ஸ் மலையானாலும் மத்தளையானாலும், காசோடு வருபவருக்குக் கதவைத் திறக்கும் அவசரம் ஒன்றுதான். பயணியின் பாதுகாப்புக்குத் திட்டம் இருக்கிறது. உழைப்பவரின் பாதுகாப்பு அவரவர் பொறுப்பு.

விடுமுறைக்கு மலைக்குப் போக நினைக்கும் எங்கள் குடும்பங்களுக்குச் சில வார்த்தை. ஒரு கிழமை விடுதிக்குப் பணம் கட்டுவதைவிட, காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம் நல்லது. முற்பதிவு செய்தால், தலம் மூடப்பட்டால் பணம் திரும்புமா என்று முதலில் வாசியுங்கள். பெரிய கேபிள் கார் வேண்டாத சிறிய சரிவுகள் பல கிராமங்களில் உண்டு, பழகும் பிள்ளைக்கு அது போதும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வகுப்பில் சேர்க்குமுன், குழுவில் எத்தனை பிள்ளைகள், கிழமை முழுவதும் அதே பிள்ளைகள்தானா என்று கேளுங்கள். வீட்டில் அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால், முடிவை அவர்களை வைத்தே எடுங்கள். விடுதிகளில் வேலை செய்பவர்கள் முகக்கவசம், பரிசோதனை, தங்குமிடம் பற்றி முதலாளியிடம் கேட்கத் தயங்கவேண்டாம். பணியாளரின் உடல்நலத்தைப் பாதுகாப்பது இந்த நாட்டின் சட்டப்படி முதலாளியின் கடமை. அது அவர் செய்யும் உதவி அல்ல.

மகளை ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டிப்போவதாக முடிவெடுத்திருக்கிறேன். பக்கத்து மலையில், இழுவைக் கயிறு மட்டும் உள்ள சிறிய சரிவு அது. முகாமில் சிநேகிதிகளோடு இரவு தங்கும் சந்தோசத்தை என்னால் வாங்கிக் கொடுக்க முடியாது. அந்த ஒரு நாளைக்கும் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் அவள் வகுப்பில் இருக்கிறார்கள். அடுத்த வருடம் முதலில் திறக்கவேண்டியது அவர்களுடைய முகாம்தான். இதைப் பாடசாலைக்கு எழுதியிருக்கிறேன். மற்றப் பெற்றோரும் எழுதவேண்டும்.